படத்துக்கு வந்த டிரான்ஸ்பர்

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் ஏலீம்விளைக்காரன் இல்லை. ஏலீம்விளைக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில் ஒரு முள் உடங்காடு இருக்கிறது, அது இருக்கிறவரைக்கும் எனக்குக் கவலையில்லை. நான் குட்டியானை வண்டி ஓட்டிப் பிழைக்கிறவன். வாழைத்தார், கட்டில், பேண்டு செட்டு, ஆடு என்று யார் எதை ஏற்றினாலும் ஓட்டுவேன். ஏலீம்விளையில் படம் ஏற்றினார்கள், அதையும் ஓட்டினேன். அதனால் நடந்தது முழுக்க என் கண் முன்னால் நடந்தது. எதையும் கூட்டிச் சொல்லப்போவதில்லை. குறைத்துத்தான் சொல்வேன், முழுசாகச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

ஏலீம்விளைக் கோயிலுக்கு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை ஐயர் மாறுவார். பாதிரியாரை எங்கள் பக்கம் ஐயர் என்றுதான் சொல்வோம். ஐயர் மாற்றம் என்றால் அந்த ஊருக்குக் கிறிஸ்துமஸை விடப் பெரிசு. போகிறவரை நடுவில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, மாலை போட்டு, சங்கத்துக்கு ஒரு பொன்னாடையாகப் போர்த்தி, வாழ்த்துமடல் வாசித்து, அழுது, குரூப் போட்டோ எடுத்து, கேசரியும் காராசேவும் காப்பியும் கொடுத்து அனுப்புவார்கள். வருகிறவரை ஊர் எல்லையில் பேண்டு செட்டோடு போய்க் கூட்டிவருவார்கள். பிறகு போகிறவர் கோயில் சாவிக்கொத்தை வருகிறவர் கையில் கொடுப்பார். அதற்குப் பேர் சார்ஜ் ஒப்படைப்பது. சார்ஜ் வாங்கிவிட்டால் பழையவருடைய பொறுப்பெல்லாம் புதியவர் தலையில். இந்த ஒரு வேலையை ஏலீம்விளைக்காரர்கள் மாதிரி சுத்தமாகச் செய்ய ஆள் கிடையாது. அவர்களுக்குத் தெரிந்ததும் இந்த ஒரு வேலைதான்.

இப்போது இருக்கிற ஐயர் சின்ன வயசுக்காரர். கோயிலின் வடக்கு வராந்தாவுக்கு வெள்ளையடித்து, ஆணி அடித்து, கேலரி என்று போர்டு வைத்தார். சுற்றுவட்டாரத்தில் படம் வரைகிறவர்களில் மாதம் ஒருத்தருடைய படம் அங்கே இருக்கும், அடுத்த மாதம் அடுத்தவருடையது. நல்ல யோசனைதான். யோசனையைச் சொல்லிவிட்டு அவர் மூன்று மாசப் பயிற்சிக்கு மதுரைக்குப் போய்விட்டார். போகும்போது செய்யவேண்டியதை எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கமிட்டி கையில் கொடுத்தார். வாயால் சொன்னால் மறந்துவிடுவார்களாம். மறந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

கமிட்டி என்றால் மூன்று பேர். செயலாளர் அருமைநாயகம், ரிட்டயரான டிரில் மாஸ்டர், தாளை வாசிக்கிறவர் அவர்தான். அடுத்தது தாசையன், எந்தக் கூட்டம் நடந்தாலும் நன்றியுரை சொல்கிறவர், ஓய்ந்த நேரத்தில் படமும் வரைவார். மூன்றாவது வேதக்கண், கோயில் மணி அடிக்கிறவர். மணி அடிக்காத நேரத்தில் தூங்குவார்.

இந்த மூன்று பேர் கையில் எமிலியின் வாழ்க்கை மாட்டிக்கொண்டதுதான் கதை.

எமிலிக்கு இருபத்தாறு வயசு. சுவரில் 'இங்கே விளம்பரம் செய்யாதீர்' என்று எழுதுவதுதான் அவள் வேலை. அவள் வரைந்தால் ஆள் எழுந்து வந்து தண்ணீர் கேட்கும், ஆனால் அவளை யார் வரையச் சொன்னார்கள்? அந்தச் சமயத்தில் செம்மண்குளத்தில் புது ஆஸ்பத்திரி ஒன்று திறந்தார்கள். முன்ஹாலில் முப்பதடி நீளத்துக்கு ஒரு வெறும் சுவர். அதில் படம் வரைய உள்ளூரில் ஆள் கிடைக்குமா என்று டாக்டர் பொற்கொடி விசாரித்தார். ஐயர் எமிலி பேரைச் சொன்னார். "ரெண்டாவது மாசம் கேலரியில் அவள் படம்தான் இருக்கும், கடைசி ஞாயிறு பதினோரு மணிக்கு வந்து பாருங்கள்" என்றார். "பார்க்கிறேன், பிடித்தால் சுவர் அவளுக்கு. பிடிக்கவில்லையென்றால் மறுநாளே டைல்ஸ் ஒட்டிவிடுவேன்" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அன்றையிலிருந்து எமிலி அந்தச் சுவரை நினைத்துக்கொண்டேதான் சோறு தின்றாள்.

முதல் மாசம் தாசையன் வரைந்த மாடு. ஒரே படம், ஒரே மாடு. அதைக் கோயிலுக்குக் கொண்டுவரும் முன்னாலேயே கமிட்டி கூடிவிட்டது. தாளின் முதல் வரி: படங்களை யாரும் தொடக்கூடாது.

"அப்ப எப்படிவே எடுத்து மாட்ட?" என்றார் தாசையன். "நான் வரைஞ்ச மாடு, நான் தொடலாம்லா?"

"தாசையன் நீங்கலான்னு எழுதியிருந்தா நீரு தொடலாம்," என்றார் அருமைநாயகம். "எழுதலியே. ஐயருக்கு உம்ம பேரு தெரியாமலா எழுதாம விட்டாரு?"

தாசையனுக்கு அது நியாயமாகப் பட்டது. மாடு அந்த நேரம் அவர் வீட்டுக் கட்டில் மேல் கிடந்தது. ரெண்டு நாளாகக் குடும்பமே தரையில் படுத்தது. மூன்றாம் நாள் வேதக்கண் கண்ணைத் திறந்து, "அண்ணாச்சி, பழைய காணிக்கைப் பை மாட்டுற கம்பு நாலு கிடக்கே, அத வச்சுத் தூக்குனா என்ன? கம்பு தொட்டா நாம தொட்டதா ஆவுமா?" என்று கேட்டார். அரைமணி நேரம் யோசித்தார்கள். கம்பு ஆள் இல்லை என்று தீர்மானம் போட்டு மூன்று பேரும் கையெழுத்து வைத்தார்கள்.

அடுத்த வரி: பழைய படத்தை மரியாதையாக அனுப்பிவைத்து, புதிய படத்தை மரியாதையாக வரவேற்கவும். மரியாதை என்றால் அவர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதானே? என் வண்டிக்கு ஆள் வந்தது. தாசையன் வீட்டுக்கும் கோயிலுக்கும் இடையில் இருபது எட்டுத் தூரம்தான். அதற்குள் எல்லை கிடையாதே என்றேன். "அப்ப மாட்ட எல்லைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து கூட்டிட்டு வாரும்" என்றார் அருமைநாயகம். கொண்டுபோனேன். பேண்டு வாசித்தார்கள். மாட்டுக்கு ரோஜாமாலை. நான் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். காப்பி நன்றாக இருந்தது.

மூன்றாவது வரிதான் வந்தவர்களைப் படாதபாடு படுத்தியது. பார்க்க வருகிறவர்களுக்குப் படத்தைப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்லவும். அருமைநாயகம் வராந்தா வாசலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். யார் வந்தாலும், "மாடு. நிக்குது." முடிந்தது. எங்கள் ஊர் தபால்காரர் ஆவலாக, "என்ன மாடு சார்?" என்று கேட்டிருக்கிறார். அருமைநாயகம் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, வெளியே போய்விட்டு வரச்சொல்லிக் கையால் சைகை காட்டினார். தபால்காரர் வெளியே போய்த் திரும்ப வந்தார். "சிவப்பு மாடு." மறுபடி வெளியே போய் வந்தார். "தாசையன் வரைஞ்சது." இப்படி ஆறு தடவை போய்வந்து மாட்டைப் பற்றிப் பன்னிரண்டு வார்த்தை சேகரித்துக்கொண்டு, அன்றைக்குத் தபாலைக் கொடுக்காமலே வீட்டுக்குப் போனார்.

மாசக் கடைசியில் மாட்டுக்குப் பிரிவுபசாரம். நாற்காலியில் படத்தைச் சாய்த்து வைத்து, கம்பால் மாலை போட்டு, கம்பாலேயே பதினோரு சங்கத்துப் பொன்னாடையும் போர்த்தினார்கள். அருமைநாயகம் வாழ்த்துமடல் வாசித்தார்: "தாங்கள் எங்களோடு இருந்த முப்பத்தோரு நாளும் எவரையும் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. கமிட்டி விஷயத்தில் தலையிட்டதில்லை. தங்களைப் போல் ஒருவர் இனி வாய்ப்பது அரிது." பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தாசையன் நன்றியுரை சொல்ல எழுந்து, பேச முடியாமல் விம்மினார். மாடு திரும்பப் போவது அவர் வீட்டுக்குத்தான். கட்டில் போய்விடுமே என்று அழுதாரோ என்னவோ.

பிறகு அதுவரை மாட்டின் சட்டத்தில் தொங்கிய சாவிக்கொத்தைக் கம்பால் எடுத்து, புதிதாக வந்த எமிலியின் படத்துச் சட்டத்தில் மாட்டினார்கள். சார்ஜ் ஒப்படைத்தாயிற்று. அந்த மாசம் பூரா கோயிலைத் திறக்க யாருக்காவது சாவி வேண்டுமென்றால் படத்துக்கு முன்னால் போய் நின்று கேட்பார்கள். படம் மறுக்கவில்லை என்றதும் எடுத்துக்கொள்வார்கள்.

எமிலியின் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாலடி உயரம். மணிக்கூண்டின் அடியில் ஸ்டூலில் உட்கார்ந்து வேதக்கண் தூங்குகிறார். வாய் லேசாகத் திறந்திருக்கிறது. தோளில் அந்தப் பழைய ஈரிழைத் துண்டு. அவ்வளவுதான் படம். ஆனால் பார்க்கிறவனுக்கு மெதுவாகப் பேசவேண்டும் என்று தோன்றும். நானே வண்டியை வராந்தாப் பக்கம் கொண்டுபோனால் ஹாரன் அடிக்கமாட்டேன், எழுந்துவிடுவாரோ என்று.

கடைசி ஞாயிறு வந்தது. டாக்டரம்மா வருவது பதினோரு மணிக்கு. படத்துக்குப் பிரிவுபசாரம் பத்து மணிக்கு.

எமிலி காலையிலேயே கையைப் பிசைந்துகொண்டு கமிட்டியிடம் போனாள். "மாமா, டாக்டரம்மா பார்த்துட்டுப் போன பொறவு பிரிவுபசாரத்த வச்சுக்கிடலாமே."

"அதெப்படிட்டி? நாங்க ஆராதனை முடிஞ்ச உடனேதான் வைப்போம். எத்தனை ஐயருக்கு வச்சிருக்கோம், ஒருத்தருக்காவது மாத்தியிருக்கோமா?" என்றார் அருமைநாயகம்.

அடுத்த மாசத்துக்குத் தாசையன் ஒரு ஆடு வரைந்து வைத்திருந்தார். அது என் வண்டியில் மாலையோடு காத்திருந்தது. உள்ளே எமிலியின் படத்தை நாற்காலியில் வைத்து மாலை போட்டார்கள். நல்ல சம்பங்கி மாலை, ரெண்டு தோளிலும் இறங்குகிற மாதிரி. வேதக்கண் காப்பி வாங்கிவரத் தூக்குச்சட்டியோடு கடைக்குப் போயிருந்தார்.

அந்த நேரம் பார்த்து எங்கள் ஊரிலிருந்து வேதக்கண்ணின் அக்கா சொர்ணபாய் வந்தாள். ஆராதனைக்குப் பிந்தி வந்தவள், வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள். தம்பியின் படம். படத்துக்கு மாலை. சுற்றிலும் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். அவ்வளவுதான், "ஏ என் பெறவியே! என்னைய விட்டுட்டுப் போயிட்டியே!" என்று மண்ணில் விழுந்தாள்.

அவள் அழுததும் மற்றப் பெண்களும் சத்தமாக அழுதார்கள். படம் போகிறதற்கு இவ்வளவு அழ அவர்களுக்கு இதுவரை துணிச்சல் வரவில்லை, இப்போது வந்தது. தெரு கூடியது. யாரோ சாமியானாவுக்குச் சொல்லிவிட்டார்கள். கமிட்டி அவசரமாக ஓரமாய்ப் போய்க் கூடியது.

"அண்ணாச்சி, மாலை போட்ட படம்னா ஆள் இல்லன்னுதான் அர்த்தம். ஊரு உலகத்துல அதான் வழக்கம்," என்றார் தாசையன்.

"நாம அத யோசிக்கலியே," என்றார் அருமைநாயகம். "போன மாசம் மாடுங்கவும் தெரியாமப் போச்சு."

"மாலைய எடுத்துருவோமா?"

"கூட்டம் நடுவுல மாலையக் கழட்டுனா அது அவமரியாதை. தாள்ல மரியாதையான்னு எழுதியிருக்கு."

வேதக்கண் காப்பியோடு வந்து சேர்ந்தார். கூட்டத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மாலை போட்ட தன் படத்தைப் பார்த்தார். தூக்குச்சட்டியை மெதுவாகக் கீழே வைத்தார். "எப்ப?" என்று கேட்டார்.

"அதத்தான் பேசிட்டிருக்கோம். நீரு கொஞ்சம் ஒதுங்கி நில்லும்," என்றார் அருமைநாயகம்.

"நானும் கமிட்டிதான, அண்ணாச்சி? எனக்கும் ஒரு ஓட்டு உண்டுல்லா?"

"காலமானவங்க ஓட்டு செல்லாதுவே. அது சட்டம்."

செல்லுகிற ரெண்டு ஓட்டும் விழுந்து, வேதக்கண் காலமானார் என்று தீர்மானம் நிறைவேறியது. அடுத்தது சாவு மணி அடிக்கவேண்டும், வயசுக்கு ஒரு அடி. அடிக்கத் தெரிந்தவர் வேதக்கண் ஒருத்தர்தான். "எனக்கு அறுபத்திரண்டா, அறுபத்துமூணா?" என்று அக்காவிடம் கேட்டார். அவள் அழுகைக்கு நடுவில், "மூணுடா என் ராசா" என்றாள். வேதக்கண் கண்ணீரோடு போய் அறுபத்துமூன்று அடி அடித்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை. நடுவில் தூங்கவும் இல்லை. அவர் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக அடித்ததே இல்லை என்று ஊரே சொல்லிற்று.

மணி முடிந்ததும் ஒவ்வொரு சங்கமாக வந்து பொன்னாடை போர்த்த ஆரம்பித்தது. பெண்கள் ஐக்கியம் போர்த்தியது. வாலிபர் சங்கம் போர்த்தியது. பாடகர் குழு போர்த்தியதில் முகம் மறைந்தது. பதினோராவது பொன்னாடைக்குப் பிறகு அங்கே படம் இருப்பதற்கு அடையாளமே இல்லை, ஜவுளிக்கடை மூட்டை மாதிரி இருந்தது.

மணி பத்தே முக்கால். எமிலி ஓடி வந்தாள். "மாமா, கும்பிடுதேன், அந்தப் பொன்னாடையெல்லாம் எடுத்துருங்க. டாக்டரம்மா வார நேரம்."

"துக்க வீட்டுல வந்து பேசுற பேச்சாட்டி இது?" என்றார் தாசையன்.

எமிலி வந்து என் வண்டியின் பின்கதவில் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஆடு. "அண்ணே, ஆறு வருஷமா 'விளம்பரம் செய்யாதீர்' எழுதுதேன்," என்றாள். "ஒரே ஒரு சுவர்ல என் இஷ்டத்துக்கு வரையணும்னு ஆசப்பட்டேன். அது பொறுக்கல பாத்தியளா?" தலையைக் குனிந்துகொண்டு அழுதாள். இந்த மூன்று பேரையும் வண்டியில் ஏற்றிக் கடலில் கொண்டுபோய்க் கொட்டிவிடலாமா என்றுகூட நினைத்தேன். டீசல் கம்மியாக இருந்தது.

சரியாகப் பதினோரு மணிக்கு டாக்டர் பொற்கொடியின் கார் வந்து நின்றது. இறங்கினார். கூட்டத்தைப் பார்த்தார். அழுகையைக் கேட்டார். முகம் மாறிவிட்டது.

"யார் இறந்தது?" என்று மெதுவாகக் கேட்டார்.

வேதக்கண் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, ரெண்டு எட்டு முன்னால் வந்து கும்பிட்டார். "நான்தாம்மா."

டாக்டரம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். படித்தவர் அல்லவா, பதறவில்லை. "எப்போ?"

"காப்பி வாங்கப் போயிருந்தேம்மா. அந்த நேரத்துலதான்."

"கையை நீட்டுங்க." நாடி பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். "எழுபத்தாறு. என்னைவிட நல்லா இருக்கீங்க."

"அப்ப நாங்க போட்ட தீர்மானம்?" என்றார் அருமைநாயகம். "அம்மா எழுத்துல குடுத்தா ரத்து பண்ணிருவோம்."

டாக்டரம்மா பையிலிருந்து மருந்துச் சீட்டை எடுத்து, 'வேதக்கண் என்பவர் உயிரோடு இருக்கிறார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதைப் பார்த்ததும் சொர்ணபாய் எழுந்து தம்பி முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "பஸ்ஸவிட்டு இறங்குனதும் இறங்காததுமா என்னைய இந்தப் பாடு படுத்திட்டியேடா!" அந்தச் சீட்டை வேதக்கண் இன்றைக்கும் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். கேட்டால் காட்டுவார். கேட்காவிட்டாலும் காட்டுவார்.

"சரி, எமிலின்னு ஒரு பொண்ணு வரைஞ்ச படம் இருக்காமே, எங்கே?" என்றார் டாக்டரம்மா.

எமிலி வண்டியிலிருந்து குதித்து ஓடிவந்தாள். அருமைநாயகம் மூட்டையைக் காட்டினார். "இதை எடுங்க, பார்க்கணும்" என்றார் டாக்டரம்மா. அது ஒரு உத்தரவு. உத்தரவு என்றால் ஏலீம்விளைக்காரர்கள் மறுப்பதே கிடையாது. நாலு கம்பும் வந்தன. ஒவ்வொரு பொன்னாடையாகத் தூக்கினார்கள். எமிலி என் கையைப் பிடித்திருந்தாள், நகம் பதிந்துவிட்டது.

பதினோராவது பொன்னாடை போனது. டாக்டரம்மா கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். அருமைநாயகம் தொண்டையைச் செருமி, "வேதக்கண். தூங்குதாரு," என்றார்.

"அப்புறம்?"

அருமைநாயகம் வாயை மூடிக்கொண்டு வாசலைக் காட்டினார். நல்லவேளை, டாக்டரம்மா அதைக் கவனிக்கவில்லை. அவர் கண் படத்தின் அடிப்பக்கம் போயிருந்தது. தூங்குகிற வேதக்கண்ணின் வலது கால் பெருவிரலில் மணிக்கயிறு ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. தூங்கிக்கொண்டே காலை அசைத்தால் மணி அடிக்கும். முப்பது வருஷமாக ஊருக்குத் தெரியாத ரகசியம். எமிலி ஒருத்தி பார்த்திருக்கிறாள்.

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துச் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எமிலி யாரு? நீயா? திங்கட்கிழமை வந்து ஆரம்பிச்சிரும்மா. முப்பதடியும் உனக்குத்தான். டைல்ஸ்காரனை வேண்டாம்னு சொல்லிடுறேன்," என்றார். எமிலி ஓவென்று அழுதாள். நான் போய் வண்டி ஹாரனை விடாமல் அடித்தேன். சந்தோஷம் வந்தால் எனக்கு வேறு என்ன செய்யத் தெரியும்?

இதோடு கதை முடிந்திருக்கவேண்டும். டாக்டரம்மா காரில் ஏறும்போது மரியாதைக்கு ஒரு வார்த்தை சொன்னார். "நீங்களும் வந்து பாருங்க. எங்க ஹாலையும் உங்க கேலரி மாதிரியே நினைச்சுக்கங்க."

கமிட்டி அப்படியே நினைத்துக்கொண்டது.

எமிலி ராப்பகலாக வரைந்தாள். முப்பதடியிலும் ஏலீம்விளை ஜனம் பூராவும் ஊர்வலம் போகிறது. பேண்டு செட்டு இருக்கிறது, சொர்ணபாய் இருக்கிறாள், என் குட்டியானைகூட நம்பரோடு இருக்கிறது. நோயாளிகள் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து, டோக்கன் நம்பரைக் கூப்பிட்டால்கூட எழுந்து போகாமல் இருந்தார்கள். சரியாக ஒரு மாசம் ஆயிற்று. அன்றைக்குக் காலையில் கமிட்டி என் வண்டியைக் கூப்பிட்டது. ரெண்டு கடப்பாரை, ஒரு மண்வெட்டி, மாலை, பதினோரு பொன்னாடை, தூக்குச்சட்டியில் காப்பி, தாசையன் வரைந்த ஆடு, கூட எட்டு ஆட்கள்.

"எங்க அண்ணாச்சி?" என்றேன்.

"செம்மண்குளத்துக்கு. மாசம் முடிஞ்சிட்டுல்லா? சுவரை மரியாதையா அனுப்பி வைக்கணும்."

நாங்கள் போனபோது டாக்டரம்மா ஆபரேஷன் தியேட்டருக்குள் இருந்தார். ஹாலில் பதினோரு நோயாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். கடப்பாரையைப் பார்த்ததும் எமிலி சுவரோடு முதுகை ஒட்டி ரெண்டு கையையும் விரித்து நின்றாள். "என்னைய இடிச்சிட்டு அப்புறம் சுவரை இடிங்க!"

கமிட்டி வெளியே வேப்பமரத்தடியில் கூடியது.

"சுவர் நகராது போலுக்கே," என்றார் தாசையன்.

"நகராட்டா சும்மா விட்டுற முடியுமாவே? மாசம் முடிஞ்சிட்டு. மாறியே ஆகணும்," என்றார் அருமைநாயகம்.

வேதக்கண் கொட்டாவி விட்டார். "படம் மாற முடியலன்னா, பாக்குறவங்க மாறிக்கிட வேண்டியதுதான அண்ணாச்சி?"

மூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு சுலபமான விஷயம் இத்தனை நாள் தோன்றவில்லையே என்று வெட்கப்பட்டார்கள்.

பதினோரு நோயாளிகளுக்கும் மாலை, ஆளுக்கு ஒரு பொன்னாடை, காப்பி. வாழ்த்துமடலில் 'எவரையும் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை' என்கிற இடத்தில் ஒரு பெரியவர் கண்கலங்கிவிட்டார். அவரை வாழ்க்கையில் யாரும் பாராட்டியதில்லையாம். எல்லாரும் சந்தோஷமாக என் வண்டியில் ஆட்டோடு ஏறி ஏலீம்விளைக் கேலரிக்குப் போய் ஆட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவர்கள் இடத்தில் கமிட்டி மூன்று பேரும் கூட வந்த எட்டுப் பேரும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். முறைப்படி சார்ஜும் ஒப்படைத்தாயிற்று. ஆளுக்கு ஆள் டோக்கன், மருந்துச் சீட்டு, ஃபைல் எல்லாம் கை மாறியது.

டாக்டரம்மா வெளியே வந்து, தலையில் அடித்துக்கொண்டு, திரும்பி வந்திருந்த என் வண்டியிலேயே ஏறி வந்து பதினோரு பேரையும் திரும்பக் கூட்டிப்போனார். சுவர் பிழைத்தது. எமிலிக்கு இப்போது பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் ஒரு சுவர் கிடைத்திருக்கிறது. கமிட்டிக்காரர்கள் யாரும் அந்தப் பக்கம் வரக்கூடாது என்று எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் ஒப்புக்கொண்டாள்.

ஃபைலை எல்லாரும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், அருமைநாயகத்தைத் தவிர. "எனக்கு இன்னும் பிரிவுபசாரம் நடக்கலியே, அதுக்கு முன்ன எப்படி சார்ஜத் திருப்பிக் குடுக்க?" என்கிறார். அவர் சார்ஜ் வாங்கியது முத்துலட்சுமி என்கிற எட்டு மாசக் கர்ப்பிணியிடம். ஃபைலில் பிரசவத் தேதி பதினெட்டு என்று போட்டிருக்கிறது. மனுஷன் இப்போது கனம் தூக்குவதில்லை, மாடிப்படி ஏறுவதில்லை, தாசையன் தினம் மாங்காய் கொண்டுவந்து கொடுக்கிறார். கமிட்டி கூடி ஞானஸ்நானத்துக்குத் தேதி குறித்துவிட்டது. நேற்று எனக்கு ஒரு லெட்டர் வந்தது. பதினைந்தாம் தேதியிலிருந்து வேறு சவாரி எதற்கும் போகாமல் வண்டியைக் கோயில் வாசலிலேயே நிறுத்தி வைக்கவேண்டுமாம், செயலாளருக்கு எந்த நேரமும் வலி எடுக்கலாமாம்.